கிணற்றடிக்கு நடந்த கல்

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு ஆறேகால் காட்டியது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும் என்பதால் கழித்து எழுதுகிறேன். மழை பெய்து பதினான்கு கிழமை ஆகியிருந்தது. சோளகக் காற்று கடற்பக்கமிருந்து உப்பையும் புழுதியையும் அள்ளி வந்து, வாய் திறந்து பேசுகிறவனின் பல்லில் மண் கடிபட வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் அம்மாவோடு தண்ணீர் அள்ளப் போன நான், இலுப்பைக்கடவையில் எங்கள் காணியின் மேற்கு மூலையில், எல்லைக்கல் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குழியைக் கண்டேன். கல் இருபத்திரண்டு அடி தள்ளி, எங்கள் கிணற்றுக்கு அந்தப்புறம் நின்றது. அதன் தலையில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது எழுபத்து நான்கு. வயது போனால் கோபம் ஆறிவிடும் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். கோபம் அப்படியே இருக்கிறது.

காணியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்காவிட்டால் கல் விளங்காது. அப்பப்பா சாகுமுன் தன் காணியை இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிழக்கு எல்லையில் ஒரு பெரிய இலுப்பை மரம். மேற்கே, கடற்பக்கமாக, ஒரு கருங்கல். கல்லிலிருந்து மரத்துக்கு ஒரு நேர்கோடு. கோட்டுக்கு வடக்கே பெரியப்பா, தெற்கே அப்பா. வேலி போடவில்லை. அண்ணன் தம்பிக்குள் வேலி எதற்கு என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்காக அப்பப்பா மீது எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு.

கல்லிலிருந்து பன்னிரண்டு அடி தெற்கே, எங்கள் பக்கத்தில், கிணறு இருந்தது. எங்கள் கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்தான் வரும். பெரியப்பாவிடம் இரண்டு கிணறுகள். இரண்டிலும் வைகாசி பிறந்தால் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். எங்களிடம் ஒன்றுதான். ஓகஸ்டிலும் அது இளநீர் மாதிரி இருக்கும். பெரியப்பா வீட்டாரும் குடிக்க அதில்தான் அள்ளினார்கள். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அவர்கள் கேட்டுவிட்டு அள்ள வேண்டியிருந்தது, பெரியப்பாவோ மூத்தவர். அந்த வருடம் அவர் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். அதை எங்கள் கிணற்றில் பூட்டி, தன் பக்கம் வெங்காயம் வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனி மாதம் வந்து கேட்டார். அப்பா மறுத்தார்.

அப்பாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை. பேச்சும் தந்திக்குச் சொல் எண்ணிக் கொடுப்பதுபோல இருக்கும். "மெஷின் வேண்டாம் அண்ணை. உப்பு ஏறும்," என்றார். மெஷின் இழுத்தால் அடியில் கிடக்கும் உவர் மேலே வந்துவிடும் என்பது அதன் பொருள். அவ்வளவுதான். பெரியப்பா எழும்பிப் போன வேகத்தில் எங்கள் கதிரை பின்புறமாக விழுந்தது.

ஆனியில் கதிரை விழுந்தது. ஓகஸ்டில் கல் நடந்தது. இடையில் இருப்பது எட்டுக் கிழமை.

இனி அந்தக் கல். இடுப்பளவு உயரம், ஆள் ஒருவர் கட்டிப்பிடிக்கிற சுற்றளவு. எங்கள் ஊர் மண்ணில் கருங்கல் கிடையாது. கிடைப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும்தான். அப்பப்பாவின் தகப்பன் அதை மடுக் காட்டுப்பக்கமிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்தாராம். ஊரிலேயே ஒரே கருங்கல் என்பதால் என் அக்கா அந்த விடுமுறை முழுவதும் அதனடியில் குந்தியிருந்தாள். அவள் மன்னார் பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தாவரவியல் பாடத்துக்குப் பாறையில் பாசிபோல ஒட்டி வளரும் இலைக்கன்களில் மூன்று வகையும் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள்.

பிற்காலத்தில் நானும் விஞ்ஞான ஆசிரியன் ஆகி, முப்பத்து நான்கு வருடம் அதே மூன்று வகையையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். முதலாவது பொருக்கு வகை. கல்லின் மேல் பூச்சுப் பூசியதுபோல ஒட்டிக் கிடக்கும். கத்தி வைத்துச் சுரண்டினால் கல்லும் சேர்ந்து தூளாக வரும். முழுதாக உரித்தெடுக்கவே முடியாது. இரண்டாவது இலை வகை. ஓரங்கள் சற்று எழும்பி, சுருண்ட வெற்றிலை மாதிரி இருக்கும், நகத்தால் நெம்பலாம். மூன்றாவது பற்றை வகை. சிறு செடிபோலக் கிளைவிட்டு நிற்கும், அல்லது தாடிபோலத் தொங்கும். அது மலைநாட்டுக் குளிரில் காணக்கூடியது. எங்கள் வெயிலில் பற்றை வகை இல்லை. இலை வகை கல்லின் நிழற்பக்கத்தில் இரண்டே இரண்டு இடத்தில் இருந்தது. மற்றதெல்லாம் பொருக்கு.

சுண்ணாம்புக்கல்லில் குடியிருக்கும் இலைக்கன்கள் வேறு சாதி. அவற்றில் சில கல்லுக்குள்ளேயே புகுந்து வாழும். வெளியே ஒரு சாம்பல் கறையும் ஊசி குத்தியதுபோன்ற குழிகளும் மட்டும்தான் தெரியும். எந்தக் கல்லில் எது வளரும், எந்தப் பக்கத்தில் வளரும் என்பதெல்லாம் அவற்றுக்குக் கட்டாயமான விடயங்கள். எங்கள் கல்லில் கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் செம்மஞ்சள். உப்புக் காற்றும், கல்லின் தலையில் உட்காரும் காகங்களின் எச்சமும் அந்த நிறத்துக்குப் பிடிக்கும். இலுப்பை மரத்தைப் பார்த்த பக்கம் சாம்பலும் வெளிர்பச்சையும். மண்ணுக்குள் இருந்த பகுதியில் ஒன்றும் இருக்காது. வெளிச்சம் இல்லாத இடத்தில் இலைக்கன் இல்லை.

இலைக்கன் என்பது ஓர் உயிரல்ல, இரண்டு என்று அக்கா சொன்னாள். பங்கசு என்ற பூஞ்சணம் வீட்டைக் கட்டிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அல்கா என்ற பாசி உள்ளேயிருந்து வெயிலில் சமைக்கும். இரண்டும் பகிர்ந்து உண்ணும். புத்தகத்தில் இதற்கு ஒன்றியவாழ்வு என்று பெயர். பங்கசு அல்காவைச் சிறைபிடித்துத்தான் வைத்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு என்பதைப் பிறகு படித்தேன். அந்தப் பாடம் வரும்போதெல்லாம் பெரியப்பாவைப் பங்கசாகவும் அப்பாவை அல்காவாகவும் மனதில் வைத்துக்கொண்டுதான் நடத்தினேன். மாணவர்களுக்கு என் குரல் ஏன் உயர்கிறது என்று விளங்கியிருக்காது.

அக்காவுக்குப் பாடம், எனக்கும் பெரியப்பாவின் மகனுக்கும் அது உலகப்படம். அவன் என்னைவிட நாலு மாதம் மூத்தவன். அண்ணை என்று கூப்பிடச் சொல்வார்கள்; நான் கூப்பிட்டதில்லை. கல்லின் மஞ்சள் திட்டுகள் அவனுடைய நாடுகள். சாம்பல் திட்டுகள் என்னுடையவை. எச்சிலைத் தொட்டு ஒரு திட்டின் மேல் வைத்தால் அது உடனே பச்சையாக மாறும்; மாறினால் அந்த நாட்டில் மழை. காய்ந்து கிடக்கும் இலைக்கனில் ஈரம் பட்டதும் உள்ளேயிருக்கும் அல்கா வெளியே தெரிவதுதான் அது. எங்களுக்கு அது அரசாட்சி. அந்தக் கல்லின் ஒவ்வொரு கறையும் எங்கள் இருவருக்கும் அத்துப்படி என்பதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பெரியப்பா அதற்குள் தலை தோய்ந்து, திருநீறு பூசி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கல்லின் கழுத்தில் வடைமாலை. எண்ணிப் பார்த்தேன், இருபத்தொரு வடை.

"வாளியை அங்காலை வையுங்கோ பிள்ளை," என்றார் அம்மாவிடம். "வைரவர் எழுந்தருளியிருக்கிறார்."

அம்மா வாளியை வைக்கவில்லை. "ஆர்?" என்றா.

"வைரவர். விடியப்புறம் கனவிலை வந்தவர். 'இத்தனை வருசமா வெயிலுக்கை நிக்கிறன், எனக்கு விடாய்க்குது, நான் கிணத்தடிக்குப் போறன்' எண்டவர். எழும்பி ஓடிவந்து பாக்கிறன், இஞ்சை நிக்கிறார்."

ஏழு மணிக்குள் நாற்பத்து மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஒரு கல்லை மண்ணிலிருந்து கிளப்பி உருட்டிக்கொண்டு போக நாலு ஆளும் இரண்டு இரும்பு அலவாங்கும் வேண்டும் என்பது அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் தெரியும். அந்த நாலு பேரும் அந்த நாற்பத்து மூன்றுக்குள்ளேயே நின்றிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் யாரோ கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு கல்லின் முன்னால் கற்பூரம் எரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அது கல் அல்ல. அதைக் கிளப்பச் சொல்ல எவருக்கும் வாய் வராது. பெரியப்பாவின் கெட்டித்தனம் முழுவதும் அந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நின்றது.

எனக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தாலும் மதித்திருக்க மாட்டேன். கல்லைச் சுற்றி ஓடினேன். என்னுடைய நாடுகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கல்லு பிரண்டு நிக்குது!" என்று கத்தினேன். "மஞ்சள் கடற்பக்கம் இருந்தது. இப்ப இலுப்பைப் பக்கம் பாக்குது!"

பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும்.

"பாத்தியளே, பொடியன் கண்டிட்டான். நிண்ட இடத்தை விட்டுப் போறவர் ஒருக்காத் திரும்பிப் பாராமலோ போவார்? தன்ரை காணியைத் திரும்பிப் பாத்தபடி நிக்கிறார்."

ஆட்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் கைகூப்பினார்.

பெரியப்பாவின் மகன் கூட்டத்தின் முன்வரிசையில் வடையைப் பார்த்தபடி நின்றான். "நீ சொல்லடா," என்று அவன் தோளைப் பிடித்து உலுப்பினேன். "மஞ்சள் உன்ரை. எந்தப் பக்கம் இருந்தது? சொல்லு!"

"எனக்குத் தெரியாது," என்றான்.

அப்போது அக்கா முன்னால் வந்தாள். பதினாறு வயது. பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கல்லின் அடியில் குந்தி, மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஓடிய வெளிறிய பட்டையைத் தொட்டுக் காட்டினாள். பரீட்சைக்கு வாய்ப்பாடம் சொல்கிற குரல் அவளுக்கு.

"இதிலை பாருங்கோ. ஒரு சாண் வெறுங்கல்லு. ஒரு பொட்டுக்கூட இல்லை. மண்ணுக்குள்ளை இருந்த பக்கத்திலைதான் இப்பிடி இருக்கும். ஆரோ கிளப்பிக்கொண்டு வந்து, ஆழமாய்ப் புதைக்க நேரமில்லாமல் விட்டிட்டினம்."

முடிந்தது பெரியப்பாவின் கதை என்று நினைத்தேன். இதைவிட என்ன வேண்டும்? இலைக்கனை ஒருவரும் உரித்து ஒட்ட முடியாது. ஒரே இரவில் வளர்க்கவும் முடியாது. அது பொய் சொல்லாது.

பெரியப்பா தலைக்கு மேல் கை கூப்பினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அந்த மனிதருக்கு.

"கேட்டியளே! படிச்ச பிள்ளையே சொல்லுது. மண்ணுக்குள்ளை இருந்தவர் ஒரு சாண் மேலை வந்திட்டார். வளருகிறார்! வைரவர் வளருகிறார்!"

"அரோகரா!" என்று முதலில் ஒரு குரல் கேட்டது. பிறகு எல்லாக் குரல்களும்.

அக்கா வாயைத் திறந்தபடி குந்தியிருந்தாள். அம்மா அவளைக் கையில் பிடித்து இழுத்துப் பின்னுக்குக் கொண்டுபோனா. கலியாணம் பேசுகிற வயதில் பெண்பிள்ளை சபையில் தர்க்கம் செய்யக்கூடாது. போகிற போக்கில் அம்மா மட்டும் பெண்கள் பக்கமாகத் திரும்பி, பெரியம்மாவைப் பார்த்து, ஒரேயொரு கேள்வி கேட்டா:

"கனவு விடியப்புறம்தானே வந்தது? அப்ப உளுந்து எப்ப ஊறினது அக்கா?"

பெண்கள் பக்கத்தில் சீலைத் தலைப்புகள் வாயை மூடின. வடைக்கு உளுந்து முதல்நாள் பொழுதுபடவே நனைய வேண்டும் என்பது அடுப்படிக்குப் போன எவருக்கும் தெரியும். பெரியம்மாவின் முகம் கறுத்தது. "அது... அது வேறை அலுவலுக்கு நனைச்சது," என்றா. அத்தோடு அதுவும் அமுங்கிப்போனது. வடைமாலையோடு நிற்கிற சாமியிடம் உளுந்தின் கணக்கை யார் கேட்பது?

விதானையார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊருக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். குழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், எரிந்து முடிந்த கற்பூரத்தின் கரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சாமியைக் கிளப்பு எண்டு நான் சொல்லேலாது. எல்லை எண்டால் கல்லு நிக்கிற இடம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தபாற்கந்தோர் என்ன சொல்லுறார்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அதுவரை இலுப்பை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் வாயைத் திறப்பார், தன் அண்ணனைக் கள்ளன் என்று நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டிக் கற்பூரம். கல்லின் முன்னால் வைத்துக் கொளுத்தினார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டி, புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

என் அப்பா. எங்கள் கல்லை. எங்கள் காணிக்குள்.

எழும்பி நெற்றி மண்ணைத் துடைக்காமல் பெரியப்பாவைக் கேட்டார்: "அண்ணை, வைரவர் தண்ணிக்கோ வந்தவர்?"

"ஓம் தம்பி. விடாய்க்குது எண்டுதானே..."

"அப்ப கிணறு அவரின்ரையோ?"

பெரியப்பா சால்வை முடிச்சை இறுக்கினார். "ஓம்," என்றார். "அவரின்ரைதான்."

"விதானையார், சாமியின்ரை கிணத்திலை ஆர் அள்ளலாம்?"

"ஆரும் அள்ளலாம். அதிலென்ன கேள்வி," என்றார் விதானையார்.

"மெஷின் பூட்டலாமோ?"

பெரியப்பா வாய் திறக்கும் முன்பே, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பொக்கைவாய்க் கிழவி சீறினா: "சாமி கிணத்திலை மெஷினோ? பூட்டுறவன்ரை கை அழுகும்!"

"அதுதானே," என்றார் அப்பா. சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குச் சனிக்கிழமையும் அரைநாள் வேலை.

எனக்குக் கேட்டதெல்லாம் இதுதான்: கிணறு எங்களுடையது அல்ல என்று அப்பா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பத்து மணிக்குள் ஊரில் பாதிப்பேர் குடத்தோடு வந்துவிட்டார்கள். நாங்கள் எங்கள் கிணற்றடியில், எங்கள் வாளியோடு, பதினேழாவது ஆளாக வரிசையில் நின்றோம். அம்மா அன்று பின்னேரம் அப்பாவுக்குச் சோறு போடும்போது கோப்பையைத் தட்டென்று வைத்தா.

"கல்லை அவர் எடுத்தார், கிணத்தை நீங்கள் ஊருக்குக் குடுத்தீங்கள். நல்ல அண்ணன் தம்பி."

அப்பா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு நான் அப்பாவோடு கதைக்கவில்லை. முப்பத்தொரு நாள் எண்ணினேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. முப்பத்திரண்டாம் நாள் நானே கேட்டேன்: "நீங்கள் ஏன் விழுந்து கும்பிட்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். "கிணத்திலை தண்ணி இருக்கோ?"

"இருக்கு."

"இனிக்குதோ?"

"ஓம்."

"அப்ப சரி," என்றார்.

கோழைத்தனத்துக்குச் சொல்கிற சாட்டு என்று நினைத்தேன். அறுபது வருடத்துக்கு மேல் அப்படியேதான் நினைத்தேன்.

கல்லுக்கு வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெயும் பாலும் ஊற்றினார்கள். இலைக்கனுக்கு வேர் கிடையாது. பனியையும் மழையையும் காற்றுப் புழுதியையும் உடம்பு முழுவதாலும் வாங்கித்தான் வாழும். எண்ணெய் அதை மூடிவிடும். முதலில் என் சாம்பல் நாடுகள் கறுத்தன. பிறகு அவனுடைய மஞ்சள் நாடுகள். அடுத்த ஓகஸ்டுக்குள் கல் முழுவதும் கரிய பளபளப்பு. கல் நகர்த்தப்பட்டதற்கு இருந்த சாட்சிகள் அத்தனையையும் பக்தியால் கழுவிவிட்டார்கள். பெரியப்பாவின் மகனும் நானும் அதற்குப்பிறகு ஒன்றாக விளையாடியதில்லை.

காலம் ஓடியது. அக்கா தாவரவியல் படிக்கவில்லை. கலியாணம் கட்டிக் கொடுத்தார்கள். ஊரார் பின்னால் தெருவோரத்தில் வைரவருக்கு ஒரு கோயில் கட்டி, சூலம் நட்டார்கள். வைரவர் இரண்டாம் முறை நடந்து அங்கே போனார். கல் கிணற்றடியிலேயே எண்ணெயும் பூவும் இல்லாமல் நின்றது. பெரியப்பா செத்தார். அப்பா செத்தார். சண்டை வந்தது, ஓடினோம், திரும்பி வந்தோம். வந்தபோது வீடுகள் இல்லை, இலுப்பை மரத்தில் பாதி இல்லை. கல் மட்டும் நின்றது. எனக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது, நேரமும் இருந்தது, கோபம் எப்போதும் இருந்தது. மன்னாரில் வழக்குப் போட்டேன். கல்லைப் பழைய குழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எதிராளி பெரியப்பாவின் மகன்.

ஒன்பது வருடம் நடந்தது. என் வழக்கைப் பேசிய அப்புக்காத்துக்கு நான் இலைக்கனின் வகைகளைப் பாடம் நடத்தினேன். மஞ்சள் கடற்பக்கம் வளரும், கல் திரும்பி நின்றது, ஆகவே கல் நகர்த்தப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பியது. அவர் கல்லைச் சுற்றி வந்து, மஞ்சள் கடற்பக்கம்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தேன். உண்மை. அத்தனை வருடமாக எண்ணெய் படாத கல்லில், இப்போது கடலைப் பார்க்கும் முகத்தில், என் பழைய சாம்பல் நாடுகள் இருந்த அதே முகத்தில், உள்ளங்கை அளவில் செம்மஞ்சள் புதிதாகப் படர்ந்திருந்தது. கீழே அக்கா தொட்டுக் காட்டிய வெறும் பட்டையிலும் சாம்பல் பொருக்கு ஏறிவிட்டது. பொய் சொல்லாது என்று நான் நம்பிய சாட்சி, பெரியப்பாவின் பக்கம் நின்று சாட்சி சொன்னது. இலைக்கன் எங்கே விட்டார்களோ அங்கே வாழ்கிறது. அதற்கு எல்லை தெரியாது. அந்தப் பொருக்கின் மேல் எனக்கு வந்த கோபத்தில் கைத்தடியால் கல்லை அடித்தேன்; கைத்தடி முறிந்தது.

போன வருடம் வழக்குத் தள்ளுபடியானது. நீதிமன்ற வாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் பெரியப்பாவின் மகன் என்னைக் கண்டு, தானாகவே என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அவனுக்கும் பல் இல்லை.

"அண்டைக்கு ஏனடா வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன். அறுபது வருடத்துக்கு மேலாக வைத்திருந்த கேள்வி.

"மஞ்சள் என்ரை நாடு. என்ரை நாட்டை நான் காட்டிக்குடுப்பனோ?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினவர். பயம்."

தேநீரை ஊதிக்கொண்டு தொடர்ந்தான்.

"உனக்கொண்டு சொல்லட்டே? அந்த மெஷினை அப்பா சாகுமட்டும் சாக்குப் போட்டு மூடி வைச்சிருந்தவர். ஒரு நாளும் அந்தக் கிணத்திலை இறக்கேல்லை. இறக்கேலாது. 'உவன் தபாற்கந்தோர் நாலு கேள்வியிலை என்ரை கையைக் கட்டிப்போட்டான்' எண்டு குடிச்சு வெறிச்சால் ஒரே புலம்பல். காணித்துண்டு வந்ததுதான், ஆனால் ஊர் முழுக்கக் குடத்தோடை அதுக்குள்ளாலை நடந்து வெங்காயப் பாத்தியை மிதிச்சதுதான் மிச்சம். எங்கடை மற்ற ரெண்டு கிணத்திலையும் மெஷினைப் போட்டார். ரெண்டும் உப்பாப் போச்சு. பக்கத்துக் காணியாரும் போட்டினம். எல்லாம் உப்பு. இண்டைக்கும் நீ குடிக்கிறது எந்தக் கிணத்துத் தண்ணி?"

பதில் அவனுக்கே தெரியும். அவனும் அதைத்தான் குடிக்கிறான்.

"உன்ரை கொப்பர் வழக்கெண்டு கோட்டுக்குப் போயிருந்தால் கிணறு எங்களுக்கோ உங்களுக்கோ வந்திருக்கும். மெஷினும் இறங்கியிருக்கும். மனிசன் விழுந்து கும்பிட்டிட்டு எழும்பினதோடை அலுவல் முடிஞ்சுது," என்றான். தேநீருக்குக் காசை அவனே கொடுக்கப் பார்த்தான். விடவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். இனித்தது. முப்பத்திரண்டாம் நாள் அப்பா கேட்ட இரண்டு கேள்விகளும் சாட்டு அல்ல, அதுதான் கணக்கு முழுவதும் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படி விளங்கும்? எழுபது வயதில் விளங்கியிருக்கலாம் என்கிறாள் அக்கா. விளக்கிச் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். இன்னும் நாலு சொல் கூடச் செலவழித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

கிணற்றைக் காப்பாற்ற அப்பாவுக்குச் செலவானது ஒரு கட்டிக் கற்பூரம். அவர் காப்பாற்றினார் என்று தெரிந்துகொள்ள எனக்குச் செலவானது, அப்புக்காத்து, நில அளவையாளர், முத்திரை, மன்னாருக்குப் போய்வந்த பஸ், முறிந்த கைத்தடி, கடைசித் தேநீர் இரண்டும் சேர்த்து, ஆறு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபா, ஐம்பது சதம்.